ஓடாத ஸ்கூட்டியின் தேய்ந்த பூட்டு

என் சித்தி விமலேஸ்வரி எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் அதைக் கழற்றிப் பார்ப்பார். விசுவமடுவில் அவருடைய வீட்டுச் சுவர் மணிக்கூட்டுக்குப் பின்மூடி இல்லை. தையல் மெஷினின் திருகாணிகளில் பாதி எப்போதும் ஒரு கிண்ணத்தில் கிடக்கும். "திறந்து பாக்காத சாமான் இரவல் வாங்கின சாமான் மாதிரியடா" என்பார்.

சித்தப்பா இறந்த பிறகு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் சித்தி வீட்டை நடத்துகிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இதைச் சொல்கிற இடத்திலெல்லாம் அந்த இடியப்பத்தையும் சேர்த்தே சொல்வேன்.

இந்த வருடத் தொடக்கத்தில், பரந்தன் சந்தியில் சாப்பாட்டுக்கடை நடத்தும் முன்ஸிர் நானா சித்திக்கு ஆள் அனுப்பினார். விசுவமடுக் கடைகள் எல்லாம் சேர்ந்து எடுப்பதைவிட அவர் ஒருவரே கூடுதலாக இடியப்பம் எடுப்பார். ஆனால் காலை ஏழு மணிக்கு முன், சூடு ஆறாமல் வரவேண்டும்.

"முதல் நாளே பிந்தினா குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. கிட்டத்தில இருந்தே ஒரு ஆள் தாறனெண்டு கேட்டு நிக்குது" என்றார் நானா, நாங்கள் நேரில் போனபோது.

சைக்கிளுக்கு அது எட்டாத தூரம். பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. ஆகவே ஒரு ஸ்கூட்டி வேண்டும். லைசன்ஸ் சித்தியிடம் ஏற்கெனவே இருந்தது. சங்கிலியும் கியரும் இல்லாத வண்டி எப்படித்தான் ஓடுகிறது என்று அறியும் ஆவலில், யாருடையதையோ வாங்கிப் பழகி எடுத்த லைசன்ஸ் அது.

கனகராயன்குளத்தில் ராஜரத்தினம் என்பவரிடம் ஒன்று நிற்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போனோம். விறாந்தையில், கட்டில் விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். விரிப்பை எடுத்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. சீட்டில் கடைக்காரன் போட்ட பொலித்தீன் அப்படியே இருந்தது. ரயரின் பக்கங்களில் புது ரயருக்குரிய ரப்பர் மயிர்கள்கூட உதிரவில்லை. மீற்றரோ ஓடினேன் என்று சொல்லவே வெட்கப்பட்டது.

"மகள் யதுர்ஷிகாவுக்கு எண்டு எடுத்தது. அவள் பழக முதலே கலியாணம் முடிச்சுக் கனடா போட்டாள். புத்தம் புது வண்டி, தங்கச்சி" என்றார் ராஜரத்தினம்.

எடுப்போம் என்று நான் கண் காட்டினேன். சித்தி என் பக்கமே திரும்பவில்லை. சாறியை இடுப்பில் செருகிக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் சாவித் துவாரத்தைத் தடவினார். பிறகு சீட்டைத் திறக்கும் பூட்டைத் தடவினார். மறுபடியும் முதலாவது.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? ஓடாத வண்டி எண்டுறியள். ஸ்டார்ட் பண்ணுற ஓட்டை புதுசாத்தான் கிடக்கு. பிறகேன் சீட்டுப் பூட்டைச் சுத்திப் பெயின்ற் எல்லாம் போய்க் கிடக்கு?"

ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். "அது... சும்மா திறந்து பூட்டினது."

"சும்மா ஆர் அண்ணை இவ்வளவு தரம் திறக்கிறது? சீட்டுக்குக் கீழை பெற்றோல் டாங்கியைத் தவிர ஒண்டுமில்லையே."

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ராஜரத்தினத்தின் மனைவி வடிவம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

"சொல்லுங்கோவனப்பா. களவே எடுத்தனீங்கள்? பிள்ளை, பெற்றோல் தட்டுப்பாட்டிலை கியூஆர் காட்டி அடிச்ச காலம் ஞாபகமிருக்கே? வண்டிக்கு மட்டும்தானே பெற்றோல் அடிச்சவங்கள், கானுக்குத் தரேல்லையே. இவர் கிழமைக்குக் கிழமை இதைத் தள்ளிக்கொண்டு போய் லைன்ல நிண்டு அடிச்சு, தள்ளிக்கொண்டே வருவார். ஒரு சொட்டும் எரிக்கக்கூடாதாம். வந்ததும் சீட்டைத் திறந்து குழாய் விட்டு உறிஞ்சி, கச்சான் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெஷினுக்கு விடுறது. மாட்டைக் கறக்கிற மாதிரிக் கறந்தவர்!"

"அந்த முறை கச்சான் தப்பினது இதாலைதான்" என்றார் ராஜரத்தினம், தன் நிலக்கடலைப் பயிரை நினைத்துச் சற்று நிமிர்ந்து.

"கச்சான் தப்பினது. உங்கட வாய் தப்பேல்ல. எந்தத் தேத்தண்ணியைக் குடுத்தாலும் பெற்றோல் மணக்குதெண்டு என்னோடை சண்டை."

எல்லோரும் சிரித்தோம். சித்தி மட்டும் சிரித்துக்கொண்டே யோசித்தார். "அப்ப அதுக்குப் பிறகு டாங்கி வெறுமையாவே கிடந்திருக்கு. வெறும் தகரம். உள்ளுக்குக் கறள் பிடிச்சிருக்குமே?"

டோர்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அடியில் செம்மண் பூசியது போலத் துருக் கறள் படிந்திருந்தது.

வேண்டாம் என்று எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சித்தியோ, "வருத்தம் என்னெண்டு தெரிஞ்ச வண்டி நல்ல வண்டி. தெரியாததுதான் பயம்" என்று சொல்லி, டாங்கி கழுவும் செலவை ராஜரத்தினத்தின் தலையில் கட்டிவிட்டு அதையே எடுத்தார்.

பரந்தனில் மஹ்றூப் என்பவரின் கராஜில் டாங்கியைக் கழுவினார்கள். அவர் வேலை செய்த நேரம் முழுக்கச் சித்தி பக்கத்தில் குந்தியிருந்து, இது எதற்கு, அது எங்கே போகிறது என்று கேட்டபடியே இருந்தார். கடைசியில் மஹ்றூப், "அக்கா, நீங்கள் வாங்கினது ஸ்கூட்டியோ, என்ர கராஜோ?" என்று கேட்டார். "முழுக்கப் போகாது அக்கா. கொஞ்ச நாளைக்குக் கறள் காப்ரேட்டருக்கு வந்து அடைக்கும். அடைச்சா அடியில உள்ள இந்தத் திருகாணியை இளக்கி ஊத்தையை விடுங்கோ" என்று காட்டியும் கொடுத்தார். அன்று முதல் வீட்டில் பெற்றோல் விடுவதானால் தேங்காய்ப்பால் வடிக்கும் பழைய துணியால் வடித்துத்தான் சித்தி விடுவார்.

முதல் நாள் காலை, ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. "பட்டதாரி, பெட்டியைச் சரிக்காதை!" என்று சித்தி கத்திக்கொண்டே ஓட்டினார்.

முரசுமோட்டையில், இருபுறமும் வயல் இருந்த இடத்தில், வண்டி இருமிவிட்டு நின்றது.

எனக்கு முன்ஸிர் நானாவின் நிபந்தனைதான் தலைக்குள் ஓடியது. "சித்தி, ஏதும் ஓட்டோ மறிக்கட்டோ?"

"பொறடா. மஹ்றூப் சொன்னது சரியோ எண்டு பாப்பம்." அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. கைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து வண்டிக்கு அடியில் கையை விட்டார். தேத்தண்ணி நிறத்தில் பெற்றோல் ஒழுகியது. "இஞ்சை பார், இஞ்சை பார்! கச்சான் தோட்டத்துக் கறள்!" நிறம் தெளிந்ததும் திருகாணியை இறுக்கினார். இரண்டு உதை. வண்டி பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் கழுவியும் அவர் கை மணம் போகவில்லை.

பரந்தனில் இறங்கும்போது ஏழாகவில்லை. முன்ஸிர் நானா மூக்கைச் சுருக்கினார்.

"என்ன தங்கச்சி, பெற்றோல் மணக்குது?"

"என்ர கை நானா. வழியில வண்டி நிண்டது, திருத்தினனான். பெட்டியை நான் தொடவே இல்லை, பெடியன்தான் வச்சிருந்தவன். நீங்களே திறந்து பாருங்கோ."

நானா மூடியைத் திறந்தார். நடுவில் இருந்து ஓர் இடியப்பத்தை எடுத்துப் பிய்த்து மணந்தார். வாயில் வைத்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சூடு இருக்கு" என்றார் நானா. "நாளைக்கும் கொண்டாங்கோ. கையைக் கழுவ உள்ளுக்குச் சவுக்காரம் இருக்கு."

உள்ளே போன சித்தி நெடுநேரமாக வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஈரக் கையோடு, கடையின் பிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

"நானா, இது ஏன் இப்பிடி உறுமுது? எப்பவாவது திறந்து பாத்தனீங்களோ?"