மேலே அத்தை, கீழே கொழுந்தன்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். எங்கள் தொழிலுக்கு இருப்பது ஒரே ஒரு நெல் அறுவடை மிஷின். அதை ஓட்டுபவரும் அவர்தான், யார் வயலுக்கு எப்போது என்று முறை வைப்பவரும் அவர்தான். எல்லாம் மண்டையில் இருக்கிறது என்பார். அந்த மண்டையின் லட்சணத்தைப் போன சம்பாவில் ஊரே பார்த்தது.

எங்கள் கூத்தாநல்லூர் பக்கம் எல்லா வயலுக்கும் பாதை கிடையாது. ரோட்டோர வயலை அறுத்தால்தான் அதன் வழியாக உள்வயலுக்குள் மிஷின் இறங்கும். உள்வயல்காரம்மா, ஊர் முறைக்கு எனக்கு அத்தை, முதலில் போன் செய்தார் என்று இவர் நேரே அங்கே கிளம்பிவிட்டார். ரோட்டோர முன்வயலில் கதிர் நிற்கிறது. மிஷின் என்ன பறந்தா போகும்? திரும்பி வந்து வேறு வேலைக்குப் போனார். அதற்குள் மழை பிடித்து அத்தையின் பயிர் மொத்தமும் சாய்ந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் தன் தெருவையே வேறு மிஷின்காரரிடம் கூட்டிப்போவதாக எங்கள் வாசலில் நின்று அத்தை சொன்னார். அந்தத் தெரு போனால் எங்கள் மிஷின் கொட்டகையில் தூங்க வேண்டியதுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இனி முறை வைப்பது நான் என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரத் தம்பி கலர் கலராய் விளக்கு எரியும் பெட்டி ஒன்றை முதலில் காட்டினார். எனக்கு வேண்டியது கரண்ட் போனாலும் அணையாதது, கல்யாண வீட்டு அலங்காரம் இல்லை. லேப்டாப் என்று முடிவானது. அடுத்து சாஃப்ட்வேர். வாடகைத் தொழிலுக்கென்றே செய்தது, யார் முதலில் பதிகிறாரோ அவரை முதலில் வைக்கும் என்றார்.

"அதுவே பாத்துக்கும் மேடம். நீங்க கையே வைக்க வேணாம்."

"கை வைக்கணுமே தம்பி."

பதிகிற வரிசைப்படி போய்த்தானே வாசலில் வசவு வாங்கினோம்! கடைசியில், வரிகளை இழுத்து மேலும் கீழும் மாற்றக்கூடிய, கட்டம் போட்ட சாதாரண சாஃப்ட்வேரையே கேட்டு வாங்கினேன். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது.

அடுத்த சம்பாவுக்கு முறை கேட்க அத்தை வந்தார். ஒரு நாளுக்கு அந்த இரண்டு வயல்தான் போட்டிருந்தேன். முன்வயல் மேலே, அத்தை கீழே. திரையைப் பெருமையாகத் திருப்பிக் காட்டினேன். புத்தி கெட்ட வேலை. முன்வயல்காரர் அத்தையின் கொழுந்தன். பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவன் பேருக்குக் கீழயா என் பேரு?"

மிஷின் வரும் வழியை எடுத்துச் சொன்னேன்.

"வழி எனக்குத் தெரியும். பேரை மேல போடு. இல்லன்னா எடுத்துடு."

தெரு மொத்தமும் கைவிட்டுப் போகிறது. விரல் தானாக அத்தையின் வரியைப் பிடித்து மேலே இழுத்தது. இந்த சாஃப்ட்வேரில் கீழேயிருந்துதான் அறுத்துக்கொண்டு வருவோம் என்று கூசாமல் சொன்னேன். அத்தை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று எழுந்து போனார். சாயங்காலம் வந்த கொழுந்தனிடம் முதல் முறை உங்களுக்குத்தான் என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு போனார். கீழேயிருந்து படிக்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னபோது, எந்த ஊர் சாஃப்ட்வேர் இது என்று கேட்டார்.

அறுப்பன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மிஷின் முன்வயலை முடித்து, அறுத்த அடித்தாளின் மேலேயே உருண்டு உள்வயலில் இறங்கியது. நெல் எல்லாம் நனையாமல் டிராக்டரில் ஏறிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. வரப்பில் நின்ற அத்தை என் பக்கம் வந்தார்.

"கீழேருந்து படிக்கிற கம்ப்யூட்டர தஞ்சாவூர்ல எந்தக் கடையில விக்கிறாங்க?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குறுவைக்கும் அப்படியே போட்டு வை. நான் மேல."