பத்மாசினி கண்ணைப் பொத்தியது ஏன்

பருத்தித்துறை மீன் சந்தையில் ஒரு கிழமையாக இதே கதைதான். கொழும்பில் நடந்த பன்னாட்டுக் கலப்பு அணிப் பூப்பந்துப் போட்டியில், ஆயிரம் பேர் பார்த்திருக்க, எங்கள் பத்மாசினி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாளாம். ஏனாம்? இருபத்தொரு வருஷத்துக்கு முன் கனடாவுக்குப் போன சிவகரன் பார்வையாளர் வரிசையில் இருந்தானாம். கண்டதும் வெட்கம் வந்துவிட்டதாம். அவளுடைய வெட்கத்தால் இலங்கை தோற்றதாம்.

இந்தக் கதை பரவியதில் எனக்கும் பங்கு உண்டு. சிவகரன் நீலச் சேட்டு போட்டிருந்தான் என்பது நான் சேர்த்தது. சேட்டு இல்லாமல் ஒரு ஆளை எப்படிக் கதையில் கொண்டுவந்து நிறுத்துவது?

பிறகு அவளிடமே கேட்டேன். கூடப் போன மக்டலீனிடமும் விசாரித்தேன். யூரியூப்பில் அந்த ஆட்டத்தை ஆறு தரம் ஓடவிட்டுப் பார்த்தேன். இனி வருவது உண்மைக் கதை. சேட்டின் நிறம்கூட இதில் இல்லை.

பத்மாசினிக்கு நாற்பத்தொரு வயது. எங்கள் சந்தையில் மீன் ஏலம் கூறும் ஒரே பெண். காலையில் அவள் வாய் திறந்தால் கடல் முனைப் பக்கத்தில் வலை காயப்போடுகிறவனும் சூடைமீன் என்ன விலைக்குப் போகிறது என்று அறிந்துகொள்வான். அந்தக் குரல்தான் அவளைக் கோட்டு நடுவர் ஆக்கியது. யாழ்ப்பாணத்தில் நடுவர் வகுப்பு வைத்தபோது முப்பது பேர் போனார்கள். பந்து வெளியே விழுந்தால் கைகளை விரித்து "அவுட்" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வதுபோலச் சொன்னார்கள். இவள் கத்தினாள். பயிற்றுவித்தவர் கையில் இருந்த தேத்தண்ணி சிந்தியது. தெரிவாகிவிட்டாள்.

கோட்டு நடுவருடைய வேலை பார்வைக்குச் சும்மா இருப்பதுதான். உட்கார ஒரு கதிரை, பார்க்க ஒரு கோடு. பந்து உள்ளே விழுந்தால் பேசாமல் வலக்கையால் கோட்டைக் காட்ட வேண்டும். வெளியே விழுந்தால் கையை விரித்துக் கத்த வேண்டும். மூன்றாவது சைகை ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. விழுந்ததைக் காணவில்லை என்றால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக் காட்ட வேண்டும்.

போட்டி ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். முதல் நாலு நாளும் மலேசியாவிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ஒருவர் மூலையில் இருந்து குறிப்பு எழுதுவார். அவருக்குப் பிடித்தவர்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கதிரை. பத்மாசினிக்கு அந்தக் கதிரை வேண்டும். போவதற்கு முதல்நாள் சந்தையில், பாரைமீன் கூறுகிற அதே குரலில் அறிவித்துவிட்டுத்தான் போனாள்.

"ஞாயிற்றுக்கிழமை ரீவியைப் போட்டுப் பாருங்கோ. பின்கோட்டிலை நான் இருப்பன்."

"எங்களுக்குக் கை காட்டுவியோ?" என்று கேட்டார் சம்மாட்டி தம்பிராசா. மூன்று படகுக்குச் சொந்தக்காரர்.

"கை காட்டினால் பந்து உள்ளை எண்டு அர்த்தம், அண்ணை. உங்களுக்காக ஆட்டத்தை மாத்தேலாது."

முதல் மூன்று நாளும் ஒரு பிழையும் இல்லை. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் அவள் குரல் தணிந்துவிடுகிறது. எனக்கே சந்தேகம் வந்தது, இது நம்முடைய பத்மாசினிதானா என்று.

"உள்ளை போனால் வெளியிலை பகலோ இரவோ எண்டு தெரியாது, அண்ணை. பச்சை விரிப்பு. அதிலை ஒரு வெள்ளைக் கோடு. அதையே பாத்துக்கொண்டிருக்க, கோடு மெல்ல மெல்ல அகலும். கரையிலை நுரை வந்து நிக்குமெல்லே, அப்பிடி. சனம் கத்துறது எங்கேயோ கடலுக்கு அங்காலை கேக்கிற மாதிரி இருக்கும். பந்து வந்து விழேக்கை மட்டும் நான் முழிப்பன்."

"நித்திரையோ?"

"நித்திரை இல்லை. முழிப்பும் இல்லை. சொல்லத் தெரியேல்லை."

நான் அந்த இடத்தை யூரியூப்பில் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னது சரி. கதிரையில் நிமிர்ந்து, முழங்காலில் கை வைத்து, இமைக்காமல் இருக்கிறாள். காற்றில்லாத சித்திரைக் கடலைப்போல அந்தப் பச்சை விரிப்பு அவள் காலடியில் கிடக்கிறது. வெள்ளை இறகுப்பந்து கூரை விளக்கு வரை ஏறி, அங்கே கொஞ்ச நேரம் நின்று, போவதா வருவதா என்று யோசித்து, பிறகு இறங்குகிறது. மேலே பதினான்கு நாட்டுக் கொடிகள் வரிசையாகத் தொங்குகின்றன. மூன்று நாளும் அவை அசையவே இல்லையாம்.

நாலாம் நாள் இலங்கைக்கும் மாலைதீவுக்கும் ஆட்டம். இரண்டு நாடு மோதினால் ஐந்து ஆட்டம். ஆண் தனி, பெண் தனி, ஆண் சோடி, பெண் சோடி, கடைசியாக ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்புச் சோடி. நாலு ஆட்டம் முடிய இரண்டுக்கு இரண்டு. கலப்புச் சோடி ஆட்டம் மூன்றாம் சுற்றுக்குப் போய், பத்தொன்பதுக்குப் பத்தொன்பதில் நின்றது. இன்னும் இரண்டு புள்ளி. பத்மாசினிக்கு மாலைதீவுப் பக்கத்துப் பின்கோடு. மூலையில் மலேசியர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்.

சனம் கூடிவிட்டதால் குளிரூட்டியை யாரோ கூட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் ஒரு பழக்கத்தைச் சொல்லாவிட்டால் வெளியூர்க்காரருக்கு விளங்காது. பத்மாசினி பூப்பந்து பழகியது கடற்கரையோரத்து வெறும் நிலத்தில். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் முறை வைத்து வரும் இடம். வலைக் கம்பத்தின் உச்சியில் ஒரு கிழிந்த சீலைத்துண்டு கட்டியிருப்போம். பந்து உயரப் போனால் பந்தைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. சீலைத்துண்டு எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். பந்து அந்தப் பக்கம்தான் வந்து விழும். ஆடுகிறவனும் பார்ப்பான், வேடிக்கை பார்க்கிறவனும் பார்ப்பான், மதிலில் குந்தியிருந்து கச்சான் கொறிக்கிறவனும் பார்ப்பான். பந்து மேலே போகும்போது அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவன் எங்கள் ஊர் ஆள் இல்லை.

எங்கள் சோடியில் ஆடிய பெண் பந்தை உயரத் தூக்கி அடித்தாள். பந்து விளக்குகளுக்குள் ஏறியது. அந்த நேரம் பார்த்துக் குளிரூட்டிக் காற்று கூரையைத் தொட்டது. பதினான்கு கொடிகளும் மெல்ல அசைந்தன.

பத்மாசினி கொடியைப் பார்த்தாள்.

"வடிவாய் இருந்துது, அண்ணை," என்றாள் என்னிடம். "எல்லாக் கொடியும் ஒரே பக்கம். வாடைக் காத்தெண்டு நினைச்சன். உப்பு மணம்கூட வந்துது. பந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விழும் எண்டு மனசு சொல்லிச்சுது. பிறகு 'டப்' எண்டு சத்தம் கேட்டுது."

விழுந்துவிட்டது. மாலைதீவுக்காரன் தொடாமல் விட்டு, வெளியே என்று கை காட்டினான். எங்கள் பெடியன் உள்ளே என்று குதித்தான். உயரக் கதிரையில் இருந்த பிரதான நடுவர் பத்மாசினியைப் பார்த்தார். ஆயிரம் பேரும் பார்த்தார்கள். மலேசியரும் பார்த்தார்.

வலக்கையைக் கோட்டுப் பக்கம் நீட்டியிருந்தால் போதும். இலங்கைக்கு இருபதாவது புள்ளி, அரங்கம் அதிர்ந்திருக்கும், மலேசியரும் ஏதோ நல்லதாக எழுதியிருப்பார், ஞாயிற்றுக்கிழமைக் கதிரையும் வந்திருக்கும். கையை விரித்துக் கத்தியிருந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தக் குரலைச் சந்தேகப்பட எவனுக்குத் துணிவு வரும்?

அவள் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணைப் பொத்தினாள்.

யூரியூப்பில் அது மூன்று விநாடி. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விரல்கள் நெருக்கமாக இருக்கின்றன. இடையால் பார்க்கவில்லை.

பிரதான நடுவருக்கும் தெரியவில்லை. புள்ளி இல்லை, திரும்ப ஆடுங்கள் என்றார். திரும்ப ஆடினார்கள். எங்கள் பெடியன் வலையில் அடித்தான். அடுத்ததையும் வெளியே அடித்தான். பத்தொன்பதுக்கு இருபத்தொன்று. அந்தக் கடைசிப் பந்து பத்மாசினியின் கோட்டுக்கு வரவில்லை. ஆனால் பழி போடச் சனத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அவள் வந்து சேருமுன்பே சிவகரன் பருத்தித்துறைக்கு வந்துவிட்டான், என்னுடைய நீலச் சேட்டோடு.

அன்று பின்னேரம் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைக் கதவில் ஒட்டினார்கள். குருநகர் மக்டலீனின் பெயர் இருந்தது. பத்மாசினியின் பெயர் இல்லை. மலேசியர் அவளைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற ஒருவர் தமிழில் சொன்னார்: காணவில்லை என்று சொன்னது சரியாம், காணாமல் விட்டதுதான் சரியில்லையாம். அவள் "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

மக்டலீன்தான் அழுதிருக்கிறாள்.

"அக்கா, உள்ளை எண்டு கையைக் காட்டியிருக்கலாமே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"பெட்டியைத் திறந்து பாக்காமல் நான் மீன் கூறுறேல்லை, மக்டா. உனக்கு நாளைக்குக் கதிரை. போய்ச் சப்பாத்தைத் துடை."

ஞாயிற்றுக்கிழமை அவள் பார்வையாளர் வரிசையின் மேல்படியில் இருந்து இறுதி ஆட்டத்தைப் பார்த்தாள். அங்கிருந்து கோடுகள் நூல்போலத் தெரிந்தனவாம். கொடிகள் கைக்கெட்டும் தூரத்தில் ஆடினவாம். நிமிர்ந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். "ஒருக்காலும் பாக்கேல்லை. கழுத்து நொந்துபோச்சுது," என்றாள்.

திங்கட்கிழமை சந்தைக்கு வந்தாள். தம்பிராசா காத்திருந்தார்.

"என்ன பத்மா, இண்டைக்குக் கண்ணைத் திறந்துகொண்டோ கூறப்போறாய்?"

"உங்கடை மீனுக்குக் கண் தேவையில்லை அண்ணை, மூக்குப் போதும்."

சந்தை சிரித்தது. அவள் சிரிக்காமல் அடுத்த பெட்டிக்குப் போனாள். அடுத்த வருஷம் மாகாணத் தெரிவுக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று அவளுக்குத் தெரியாது. பின்னேரங்களில் பழைய நிலத்துக்குப் போய், ஆடுகிறவர்களின் பின்கோட்டில் குந்தியிருந்து, கோட்டை மட்டும் பார்க்கப் பழகுகிறாள் என்று கேள்வி. பெடியங்கள் சீலைத்துண்டை அவிழ்த்துவிடவா என்று கேட்டார்களாம். வேண்டாம், அது ஆடட்டும் என்றாளாம்.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்றுச் சந்தையில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். விளைமீன் பெட்டிக்குள் ஐஸ் அடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடிய நான் சொன்னேன்:

"பிள்ளை, சிவகரன் கதையை முன்னுக்கு வைச்சிருக்கிறன். அப்பதானே சனம் வாசிக்கும். ஒருவேளை அவன் வந்திருந்து, நீ காணாமல் விட்டிருந்தால்..."

அவள் ஐஸ் அள்ளுவதை நிறுத்தவில்லை.

"சிவகரன் வரவுமில்லை, எனக்கு வெக்கமும் வரேல்லை. பந்து விழேக்கை நான் கொடியைப் பாத்துக்கொண்டு இருந்தனான். பிழை என்ரை. அதை எழுதுங்கோ. இப்ப தள்ளி நில்லுங்கோ, மீனிலை வெயில் படுகுது."