டாப் கியரில் திணறிய கார்

எங்கள் பழைய பெட்ரோல் கார் முதல் இரண்டு கியரில் சமர்த்தாகப் போகும். மூன்றாவது கியர் போட்டதும் திணறும். டாப் கியரில் எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது. காரணம் அம்மாதான் என்று அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். எந்நேரமும் கிளட்ச் மேல் காலை வைத்து ஓட்டித் தேய்த்துவிட்டாளாம். அம்மா அப்போதுதான் லைசென்ஸ் வாங்கி, சூலூருக்கு அப்பால், தான் டீச்சராக இருந்த பள்ளிக்குக் காரில் போய்வந்துகொண்டிருந்தாள். பெரியப்பா, மாமா, பால்காரர் வரைக்கும் சேதி போய்விட்டது.

"நான் ஓட்டறப்ப நல்லாத்தானுங்க போகுது" என்றாள் அம்மா.

"கிளட்ச் போயிருந்துச்சுன்னா இனிமே நீ சாவியத் தொடக் கூடாது" என்றார் அப்பா.

சனிக்கிழமை மூவரும் சிங்காநல்லூரில் மெக்கானிக் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். எனக்கு ஒன்பது வயது. பாய் காரில் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு டாப் கியரைப் போட்டார்.

"இப்ப கிளட்ச்ச விடறேனுங்க. இஞ்சின் நின்னுச்சுன்னா கிளட்ச் நல்லாருக்குது. நிக்காம ஓடுச்சுன்னா தேஞ்சுபோச்சுன்னு அர்த்தமுங்க."

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, இஞ்சின் நின்றது.

"இன்னொருக்கா பாருங்க பாய்" என்றார் அப்பா. மூன்று முறை பார்த்தார்கள். மூன்று முறையும் நின்றது.

பிறகு பாய் அம்மாவை ஓட்டச் சொன்னார். திருச்சி ரோட்டில் டாப் கியர் வரைக்கும் கார் வெண்ணெயாகப் போனது. அப்பா என் பக்கத்தில், தன் மஞ்சள் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது அவர் ஓட்டினார். அவர் ஓட்டும்போது பை வழக்கமாக எங்கே தொங்குமோ அங்கே தொங்கியது. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப இழுப்போமே, அந்த சோக் குமிழ்தான் அவர் பையை மாட்டும் ஆணி. உள்ளே டைரி, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா. மூன்றாவது கியரில் வேகம் கூடியதும் பை ஆடத் தொடங்கியது. கார் திணறியது. பாய் கையை நீட்டிப் பையைத் தூக்கினார். கார் சீறிக்கொண்டு முன்னே பாய்ந்தது.

"பை ஆடறப்ப சோக்க இழுக்குதுங்க. பெட்ரோல் மிஞ்சிப்போயி இஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்ற பாய், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோக் ஒயரும் பழசுங்க, மாத்திப்போடறேன்" என்று சேர்த்துக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அப்பா சாவியை அம்மாவின் பக்கம் தள்ளி, "எடுத்துட்டுப் போ" என்றார். தப்பு தன் பைமேல்தான் என்று அவர் அம்மாவிடமும் சொல்லவில்லை, பெரியப்பாவிடமும் மாமாவிடமும் சொல்லவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லி அம்மா நடந்து போய்விட்டாள்.

ஜெயித்தவள் எதற்காக இரண்டு பஸ் மாறிப் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கம்மாவுக்குக் கார் ஓட்டவே பயம் என்று, என் பங்குக்கு நானும் அன்றைக்கு வகுப்பில் போய்ச் சொன்னேன்.