லட்சம் முடியும் வரை பழைய விண்டோஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்தாறு வருடம் தள்ளிப்போட்டேன். கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாற்றியதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். நான் பத்தாவதோடு நின்று மைன்ஸ் வேலைக்கு வந்தவன். குற்றம் குறை இருந்தால் முருகன் பொறுத்துக்கொள்ளட்டும்.

மகள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அது என் மனைவியிடம் வந்தது. மகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டி, 'ஓம் சரவணபவ' என்று லட்சம் தடவை எழுதுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். முதலில் நோட்டில் எழுதினாள். விரல் மூட்டு வீங்கியதும் கம்ப்யூட்டருக்கு மாறினாள். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்பில் லோயர் பாஸ் செய்தவள். குளித்து, திருநீறு பூசி, கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவாள்.

மகள் ஒருமுறை வந்திருந்தபோது பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணு அடிச்சிட்டு, காப்பி பண்ணி ஒட்டிக்கினே போயிடலாமேம்மா. பத்து நிமிஷத்துல லட்சம் ஆயிடும்."

"உன்ன அப்படித்தான் காப்பி பண்ணி பெத்தேனாடி?" என்றாள் இவள், திரும்பிப் பார்க்காமலே.

லட்சத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கும்போது நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். ஒருநாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. அடுத்த வருடம் பஹ்ரைனில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அந்தச் சமயத்தில்தான் பழைய விண்டோஸை இனிமேல் கம்பெனி கவனிக்காது என்று பேப்பரில் வந்தது. மகளும் போனில் பிடித்துக்கொண்டாள். "வீடியோவுல பையன காட்டலாம்னா உங்க சிஸ்டத்துல வரவே மாட்டேங்குதுப்பா. புதுசு போடுங்க."

பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரைக் கூட்டி வந்தேன். அவர் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தார். "இது பழைய டைப்ரைட்டர் ஃபாண்டுங்க சார். ஃபைலை எடுத்து வச்சிருவேன். புதுசுல எழுத்து எழுத்தா வருமா, கட்டம் கட்டமா வருமான்னு சத்தியம் பண்ண முடியாது."

அவரைக் காப்பி குடிக்கவைத்து அனுப்பிவிட்டேன். பேரன் முகம் பார்க்க வேண்டும். அதற்காக அவள் எழுதியது கட்டமாகிப் போவதா? பிள்ளை பிறந்தும் வேண்டுதல் குறையாக நிற்கிறதே என்பதும் உறுத்தியது. கடைசியில், மிச்சத்தைப் பழையதிலேயே நான் அடித்து முடிப்பது, பேப்பரில் எடுத்துக் கோயிலில் வைப்பது, அதன் பிறகு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு டைப் தெரியாது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு உட்காருவேன். மேலே அவள் அடித்த வரிகள், அதை ஒட்டியே கீழே என்னுடையவை.

"இன்னும் எவ்ளோப்பா இருக்கு?"

"கொஞ்சம்தாம்மா."

"போன மாசமும் அதைத்தான் சொன்னீங்க. பையன் குப்புற விழ ஆரம்பிச்சிட்டான்."

மகள் கேட்டதில் தப்பில்லை. சில நாள் பத்து தடவை மட்டும் அடித்துவிட்டு எழுந்துவிடுவேன். முடித்துவிட்டால் அப்புறம் எதைச் சாக்காக வைத்து அவள் பக்கத்தில் உட்காருவது?

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் முடிந்தது. கிருத்திகையன்று தாள்களை முருகன் காலடியில் வைத்து வாங்கி வந்தேன். மறுநாள் கடைக்காரர் வந்தார். "போட்டுடட்டுங்களா சார்?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன்.

நான் பயந்ததெல்லாம் வீண். ஃபைல் எழுத்து எழுத்தாகவே திறந்தது. மாலையில் பேரனையும் பார்த்தேன். என் மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டினான். காது அப்படியே அவளுடையது.

மறுநாள் காலை நானே சுவிட்சைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். உள்ளிருந்து வேறு ஒரு இசை கேட்டது. பழைய விண்டோஸ் உயிர் பெறும்போது சின்னதாக ஒரு இசை வரும். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும் நாட்களில் பாத்ரூமில் அது காதில் விழுந்தால், அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். ஈர முகத்தோடு வந்து இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எழுத்தைக் காப்பாற்றத்தான் அத்தனை மாதம் பாடுபட்டேன். அந்த இசையைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை.

படிப்பவர்கள் இதை யாரிடமாவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். அந்த இசையைக் கடைக்காரர் அழித்துவிட்டார் என்று ஆக்கிவிட வேண்டாம். அவர் கேட்டார், போடச் சொன்னவன் நான். பேரன் கையை நீட்டியதையும் விட்டுவிடாதீர்கள்.