வீட்டுச் சரக்கில் இல்லாத சிவப்பு

அக்காவின் உள்ளங்கைகள் எப்போதும் சிவந்தே இருக்கும். முதல் நாள் பார்த்தபோது மருதாணி என்று நினைத்தேன். ஆதம்பாக்கத்தில் நாங்கள் வேலை பார்த்த சிப்ஸ் கம்பெனியில் அவள் மரவள்ளி சிப்ஸில் காரப்பொடி பிரட்டுவாள். நான் பாக்கெட் போட்டு ஒட்டுவேன். என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்கு அவள் அக்கா. அந்தப் பொடியில் மிளகாயைவிடச் சாயம்தான் அதிகம் என்பது எங்கள் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். சோப்புப் போட்டாலும் கையைவிட்டுப் போகாது. தி.நகர் கடைகளில் அந்தச் சிவப்புக்காகவே சரக்கு பறந்தது.

உடைந்த சிப்ஸை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி விட்டிருந்தார். அக்காவின் வீடு மந்தைவெளியில். ஒரே மகள், அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுக்கு அதுதான் சாயங்காலத் தீனி. ஒருநாள் அந்தப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்காவின் கைகளைப் பார்த்துவிட்டு, "இதத்தான் கொழந்தைக்குக் குடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாராம்.

மகள் தேறி வீடு வந்ததும் அக்கா வேலைக்கு வந்தாள். முதலாளியின் வீட்டுக்குப் போகும் டப்பா மேடைமேல் இருந்தது. அதில் எப்போதும் வெறும் உப்பும் மிளகும் போட்ட சிப்ஸ்தான். அதுவரை நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அக்கா அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சிவப்புச் சிப்ஸை ஒரு கை அள்ளிக்கொண்டு முதலாளியின் முன்னால் போய் நின்றாள்.

"இந்தா, இத துன்னு."

"இன்னாம்மா, பைத்தியம் புடிச்சிக்கிச்சா?"

"உன் வூட்டுக்கு மட்டும் வெள்ளையா போவுது. என் பொண்ணுக்கு மட்டும் இதுவா? ஒண்ணே ஒண்ணு துன்னு நைனா, நான் போய் வேலைய பாக்குறேன்."

அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். அவள் அவருடைய தாடையைப் பிடித்து வாய்க்குள் திணித்தாள். அவர் துப்பினார். விஷத்தைத் துப்புவதுபோல, விரலைவிட்டுத் தோண்டித் தோண்டித் துப்பினார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் அறைந்தார். அவருடைய மைத்துனன் ஓடிவந்து அக்காவின் கூந்தலைப் பிடித்து, தலையை மேடையில் மோதினான். நிறுத்தாமல் மோதினான். அவள் கைக்கு எட்டிய சாயப்பொடி டின்னை அவன் முகத்தில் வீசினாள். கண்ணைப் பொத்திக்கொண்டு அலறியவனின் மணிக்கட்டில் இரும்புக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் பக்கம் அவள் சாய்ந்துவிடாமல் நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். முதலாளி வீசிய ஸ்டூல் என் வாயில் பட்டு முன்பல் உடைந்தது. ஆட்டோவில் போகும்போது அவள் முகத்தில் எது ரத்தம், எது சாயம் என்று தெரியவில்லை.

நெற்றியில் தையல் போட்டார்கள். இரண்டு பக்கமும் போலீசில் புகார். அதிகாரிகள் வந்து பொடியைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. வேறு பெயரில், வேறு இடத்தில் அவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். "அவன் துப்பினான் பாரு, எனக்கு அது போதும்" என்றாள் அக்கா.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அக்கா மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டிருக்கிறாள். சாயம் போடாத அவளுடைய வெளிறிய சிப்ஸைப் பார்த்துப் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். போன மாதம் நான் அங்கே நின்றிருந்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். கையில் ஒரு பாக்கெட், உதடெல்லாம் சிவப்பு. அக்கா பாக்கெட்டைப் பிடுங்கி வீசிவிட்டுக் கையை ஓங்கினாள்.

"எல்லா கடைலயும் விக்கிதும்மா," என்றாள் மகள், பின்வாங்காமல். "எல்லாரும் துன்னுக்கினுதான் கீறாங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப யாரன்னு போய் அடிக்கிறது, சொல்லு?"

மண்டை உடைந்து ஆட்டோவில் கிடந்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். மகள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.