பக்கத்தில் லாஸ்டிக் வைத்த ஜாக்கெட்

போன திங்கட்கிழமை கடையைத் திறந்து விளக்குகூடப் போடவில்லை. கோமதியக்கா உள்ளே வந்தார். ஒரு பட்டு ஜாக்கெட்டை மேசைமேல் போட்டார்.

"கொக்கி மாட்டல. நாலு விரல் பத்தல. வியாழக்கெழம பொண்ணுக்குக் கல்யாணம். இன்னா பண்ணுவியோ பண்ணு."

கோமதியக்கா எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவர். ரெண்டு மாதம் முன்பு அளவெடுத்துத் தைத்தபோது ஜாக்கெட் சரியாகத்தான் இருந்தது. நடுவில் என்ன ஆனது?

"பத்திரிகை வெக்கப் போன வீட்ல எல்லாம் சாப்ட்டுப் போன்னாங்க. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

முடியாதுதான்.

இது பெரிய விஷயமா? எந்த டெய்லரும் ஜாக்கெட்டின் உள்பக்கம் ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பார். உடம்பு போட்டால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஊருக்கே தெரியும். எங்கள் ரெண்டு பேருக்குத்தான் தெரியவில்லை.

ரெண்டு பேர் என்றால் நானும் பர்வீனும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, ஒரே லைன், பதினாலு வருஷம். நான் தோலைத் தைப்பேன். ஓரத்தில் நிற்கும் மிச்சத்தை அவள் வெட்டுவாள். மிச்சம் இருந்தால் காலைக் கடிக்கும் – பீஸ் ரிஜெக்ட். பிறகு ஆர்டர் குறைந்தது. லைனை மூடினார்கள். ஆளுக்கொரு வழி பார்த்தோம். எங்கள் சூப்பர்வைசர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "இன்னும் ரெண்டு பீஸ் ஏறுங்க" என்றுதான் இன்றைக்கும் ஆள் கூப்பிடுகிறார்.

நாங்கள் தையல் கடை போட்டோம். ஆறு மாதம் ஆகிறது.

ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சுத்தமோ சுத்தம். பிரித்துவிட ஒரு நூல் துணி இல்லை.

"ஏண்டி, எல்லாத்தையும் வெட்டிட்டியா?"

"நீட்டா இருக்குல்ல?" என்றாள் பர்வீன்.

"பஜார் டெய்லர்கிட்ட காட்டினேன்" என்றார் கோமதியக்கா. "பிரிக்கப் பாத்தான், பிளேடு ஒடைஞ்சிடுச்சி. இது ஜாக்கெட்டா செருப்பான்னு கேக்கறான்."

ஷூவுக்குப் போடும் நைலான் நூல். அதுவும் என் வேலைதான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வாடிவிட்டது. புடவையோடு வந்த துணி – கடையில் கேட்டாலும் கிடைக்காது. கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்? யார் தைத்தது என்றும் கேட்பார்கள். அதோடு எங்கள் கடைக்கு யார் வருவார்கள்?

எனக்குக் கம்பெனியில் தைத்த பழைய பீஸ் ஒன்று ஞாபகம் வந்தது. கயிறு இல்லாத பூட்ஸ். ரெண்டு பக்கமும் அகலமான லாஸ்டிக். எவ்வளவு தடித்த காலும் உள்ளே போகும்.

பர்வீனிடம் சொன்னேன்.

"கால் போவுதுன்னா ஒடம்பு போவாதா?" என்றாள்.

ஜாக்கெட்டின் ரெண்டு பக்கமும் வெட்டினோம். லாஸ்டிக் வைத்துத் தைத்தோம். அரக்கு ஜாக்கெட்டுக்கு அகல லாஸ்டிக் கறுப்பில்தான் கிடைத்தது. சாயந்திரம் கோமதியக்கா போட்டுப் பார்த்தார். கொக்கி மாட்டியது.

"கையத் தூக்காதீங்கக்கா. எறக்கியே வெச்சிருந்தா யாருக்கும் தெரியாது" என்றேன்.

"அட்சதை போடணுமேடி?"

"மெதுவா போடுங்க."

வியாழக்கிழமை ஒடுகத்தூரில் கல்யாணம். நாங்கள் ரெண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கெட்டிமேளம் கொட்டியது. கோமதியக்கா சந்தோஷத்தில் ரெண்டு கையையும் தூக்கி அட்சதை போட்டார். மெதுவாகவா? ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பர்வீன் என் தொடையைக் கிள்ளினாள்.

பந்தியில் பார்த்தால் அக்காவைச் சுற்றி நாலு பெண்கள். எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். போச்சு என்று நினைத்தேன். ஒரு அம்மா லாஸ்டிக்கை விரலால் இழுத்துவிட்டார். பட் என்று சத்தம்.

"மூச்சு விட முடியுதா அண்ணி?"

"மூச்சா? ரெண்டாவது தபா பாயசம் வாங்கிட்டேன், பாரு!"

மறுநாள் காலை கடை வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. எங்கள் பழைய சூப்பர்வைசர் தலையை நீட்டினார்.

"பஸ் ஸ்டாண்டுல உங்க கடைய விசாரிச்சிட்டிருந்தாங்க. நாலு பீஸ், எறக்கிக்கோ!"

இறங்கியது அதே நாலு பெண்கள். ஆளுக்கு ரெண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்கள் – பக்கத்தில் லாஸ்டிக் வைத்து. பர்வீன் சிவப்பிலும் பச்சையிலும் லாஸ்டிக் தேடி வேலூர் வரை போய் வந்தாள்.

வேலை போகும். கை பழகியது போகாது. தப்பும் சேர்த்துத்தான்... என்ன செய்ய?

பர்வீன் இன்னும் உள்பக்கம் ஒரு நூல் விடாமல்தான் வெட்டுகிறாள். நான் இப்போது ஒன்றும் கேட்பதில்லை.