பீப்பாய் மேல் நான்கு கண்டங்கள்

மைன் ஆற்றங்கரையில் மதுக்கடை நடத்திய வால்புர்காவுக்கு உடம்பும் பெரிது, வாயும் பெரிது. பிரபுவின் மாளிகை விதானத்தில், இளஞ்சிவப்பு மேகங்களுக்கு நடுவே அந்தக் காலத்தில் அறிந்திருந்த நான்கு கண்டங்களையும் பெண்களாகத் தீட்ட வந்த ஓவியர் இக்னாட்ஸ், அவளைத்தான் மாதிரிக்கு உட்கார வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்த மதுப் பீப்பாய் படத்தில் யானையானது, ஆசியா முடிந்தது. அப்புறம் ஒட்டகமானது, ஆப்பிரிக்கா. முதலையானது, அமெரிக்கா.

"அடுத்தது ஐரோப்பாதானே? கிரீடத்த எடுங்க," என்றாள்.

ஓவியர் தலையைச் சொறிந்தார். "அது பிரபுவோட சம்சாரத்துக்குன்னு சொல்லிட்டாங்கம்மா."

"ஓஹோ! முதலை மேல உக்கார நானு, சிம்மாசனத்துல உக்கார அவங்களா?" என்று பொரிந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஓவியரே கடை வாசலில் வந்து நின்றார். சீமாட்டிக்குக் கால் மணி நேரத்திலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். முகத்தை மட்டும்தான் தீட்ட முடிந்ததாம். "மிச்ச உடம்புக்கு நீதாம்மா வரணும்."

வால்புர்கா சிரித்த சிரிப்பில் கடையே அதிர்ந்தது.

திறப்பு விழாவன்று அண்ணாந்து பார்த்த ஊர்க்காரர்கள், அந்த ஐரோப்பா யாரென்று அவளிடமே கேட்டார்கள்.

"தலை மட்டும் அவங்களோடது. கழுத்துக்குக் கீழ தாங்குறதெல்லாம் நாமதான்," என்றாள்.